ஏழு அடுக்குத் திமிங்கிலம்

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலையில் வீட்டிலேயே ஒரு சின்ன லேசர் மெஷின் வைத்து கேக் டொப்பர், கீ டெக், கல்யாணப் பெயர்கள் வெட்டி விற்கிறேன். உப்புவெளியில் படகுச் சவாரி நடத்தும் ஒருவர் என் வேலையைப் பார்த்துவிட்டு, தன் அலுவலக வாசலுக்கு ஆறடிக்கு நாலடியில் ஒரு போர்ட் கேட்கிறார். கடல், திமிங்கிலம், புறாத்தீவு, கோணேசர் கோபுரம், மான் எல்லாம் ஒன்றன் முன் ஒன்றாக நிற்கிற ஏழு அடுக்குக் கட்டவுட். போனில் ஒரு வெளிநாட்டுப் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றார். எம்.டி.எப். பலகையில் செய்து வார்னிஷ் அடித்தால் வெளியே நிற்குமா? ஃபோம் போர்டை என் லேசரில் வெட்டலாமா? சதுர அடிக்கு என்ன விலை சொல்வது? இதுவரை நான் செய்த மிகப் பெரிய வேலை ஒன்றரை அடி. பயமாகவும் இருக்கிறது, விடவும் மனமில்லை.
ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, வேலையை விடாதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அது உடம்பு சம்பந்தப்பட்டது.

கடைகளில் ஃபோம் போர்ட் என்று விற்கிற வெள்ளைப் பலகை அநேகமாக பி.வி.சி. அதை லேசரில் வைக்கவே கூடாது. பி.வி.சி.யின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். லேசர் சூட்டில் அது ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியே வரும். ஈரம் பட்டால் அதுவே ஐதரோகுளோரிக்கமிலம். நெஞ்சுக்குள் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். மெஷினுக்கும் அதே கதிதான், தண்டவாளம் துருவேறும், கண்ணாடி அரிபட்டுப் போகும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுவிட்டு வெட்டினேன் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

கையில் இருப்பது பி.வி.சி.யா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒரு செப்புக் கம்பி போதும். கம்பியைக் குறட்டால் பிடித்து காஸ் டோர்ச் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு பலகைத் துண்டின் ஓரத்தில் தொட்டு, ஒட்டிய துளியோடு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். நெருப்பு பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. முற்றத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள், குசினிக்குள் வேண்டாம்.

எம்.டி.எப். என்பது மரநாரைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகை, வெளிவேலைக்கு ஆகாது. அதன் முகத்தில் எத்தனை பூச்சு அடித்தாலும் வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடிக்கும். கட்டவுட் என்றாலே முழுக்க முழுக்க ஓரம்தானே. முதல் வாடை மழைக்கே திமிங்கிலத்தின் வால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தெர்மோகோலும் வேண்டாம். பெரிய மேடை அலங்காரத்துக்கு இரண்டு நாள் நிற்கும், சூட்டுக் கம்பியில் வெண்ணெய் போல வெட்டுப்படும், எல்லாம் சரி. ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் பட்ட இடம் கரைந்து குழி விழும், நெருப்புப் பிடித்தால் கரும்புகையோடு எரியும்.

ஆக அடுக்குகளுக்கு பி.வி.சி. ஃபோமையே எடுங்கள், வெட்டுவது மட்டும் ரவுட்டரில், அதாவது சுழலும் அலகால் பலகையை வெட்டும் மெஷினில். கொம்பியூட்டரில் ஓடும் சி.என்.சி. ரவுட்டர் வைத்திருக்கிற ஒருவரிடம் ஃபைலைக் கொடுத்து வெட்டி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜிக்சோவில் நெருக்கமான பல் உள்ள அலகைப் போட்டுக் கையாலும் அறுக்கலாம். அலை, பாறை போன்ற வளைவுகளுக்குக் கை நடுக்கம் கூட அழகுதான். உங்கள் லேசருக்கு சின்ன மீன்கள், முன்னால் நிற்கும் அக்ரிலிக் எழுத்துகள் இருக்கின்றன. உங்களுடையது டயோட் லேசர் என்றால் நிறமில்லாத தெளிந்த அக்ரிலிக்கையும் நீல அக்ரிலிக்கையும் அது வெட்டாது, ஒளி ஊடே போய்விடும். எந்த லேசரானாலும் அக்ரிலிக் உள்ளே இருக்கும்போது எழுந்து போய்த் தேத்தண்ணீர் ஊற்றாதீர்கள். அது பற்றி எரிகிற பொருள்.

சரி, இனி அந்த ஏழு அடுக்கு.

போர் முடிந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்கள் மளமளவென்று எழும்பிய காலம். அதுவரை தகரத்திலும் பலகையிலும் எனாமல் பெயின்ட்டால் எழுதிக்கொண்டிருந்த நான், முதன்முதலாக ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எழுத்தை முன்னே நிறுத்தி ஒரு போர்ட் செய்தேன். கடைப் பெயரைப் பின்பலகையிலிருந்து 40 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்தினேன். அதற்குக் கீழே பின்பலகையிலேயே 'சோறு, கொத்து, கடலுணவு' என்று ஒரு வரி. பட்டறையில் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. மாட்டிய அன்று பதினொரு மணிக்கு முதலாளி கோல் எடுத்தார். "தம்பி, கடைக்குப் பேர் இருக்கு, என்ன கடை எண்டுதான் தெரியேல்லை." ஓடிப்போய்ப் பார்த்தால், மேல் வரியின் நிழல் அப்படியே இறங்கிக் கீழ் வரியை மூடியிருக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க என் போர்டில் சாப்பாடு மறைந்துகொண்டே போனது.

அடுக்குக் கட்டவுட்டில் ஆழத்தைக் காட்டுவது நிழல். பலகையை எவ்வளவு வெளியே தள்ளுகிறோம் என்பது அந்த நிழலைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு மட்டும்தான். நிழல் எங்கே விழும் என்பதைச் சுவரும் சூரியனும் முடிவு செய்கின்றன. கொம்பியூட்டரில் நீங்கள் போடுகிற டிராப் ஷேடோ எப்போதும் கீழே வலப்பக்கம் அழகாக விழும். நிலாவெளி வீதியில் அப்படி விழாது.

கிழக்கே பார்த்த சுவர் என்று வைத்துக்கொள்வோம். சீசன் நடுவில், ஜூன் மாதத்தில், காலை ஒன்பது மணியளவில் வெயில் ஏறக்குறைய 45 பாகையில் வரும். அப்போது 20 மில்லிமீட்டர் முன்னே நிற்கும் அடுக்கின் நிழல் 20 மில்லிமீட்டர் கீழே இறங்கும். அளவான நிழல், படம் உயிரோடு நிற்கும். பத்தரைக்கு அதே நிழல் இரண்டு மடங்குக்கும் மேல். பதினொன்றரைக்கு ஆறு மடங்கைத் தாண்டி நாலைந்து அங்குலம் வழிந்துவிடும். அதன் பிறகு வெயில் சுவரை விட்டே போய்விடும், மாலைவரை தட்டையான வெளிச்சம்தான். மேற்கே பார்த்த சுவருக்கு இதையே தலைகீழாக வாசியுங்கள். உப்புவெளியில் கடற்கரைப் பக்கக் கடைகளின் வாசல் மேற்கே ரோட்டைப் பார்க்கும், எதிர்ப்பக்கக் கடைகளுக்குக் கிழக்கு. உங்கள் படகுக்காரர் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது, ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வெள்ளைக்காரர் வருகிற சீசன் அந்த மாதங்கள்தான். அதனால் தெற்குச் சுவரில் மாட்டினால் அந்த நாட்களில் நடுப்பகல் முழுக்க நேர் வெயிலே கிடைக்காது. வாசலுக்கு மேலே தகரத் தாழ்வாரம் இருந்தாலும் அதே நிலைதான். அங்கே நிழல் வேண்டுமென்றால் நீங்களே வெளிச்சம் கொடுக்க வேண்டும்: முன் அடுக்கின் பின்னால் ஒளித்து ஒட்டிய 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டி, தண்ணீர் புகாத வகை, மின்மாற்றி கட்டடத்துக்குள்ளே.

ஆகவே ஒரு நாள் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். எட்டு மணி, பதினொரு மணி, மூன்று மணி. பழைய குளிர்சாதனப் பெட்டி மட்டையில் அலை மாதிரி இரண்டு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். சுவரில் ஒன்றை ஒட்டி, நடுவில் தீப்பெட்டிகளைச் செருகி மற்றதை முன்னே நிறுத்துங்கள். தட்டையாக ஒரு தீப்பெட்டி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொன்றையும் போனில் எடுத்து, வாடிக்கையாளரிடம் அந்தப் படங்களைக் காட்டிவிட்டு, 'ஏழு அடுக்கு வேண்டுமா' என்று கேளுங்கள். என் கணக்கில் நாலு போதும்: பின்பலகை, தூரத்துக் காட்சி, திமிங்கிலம், முன் அலை. எழுத்து முன் அலையின் மேல். ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றும் பின்னால் இருப்பதற்கு இருட்டைத்தான் கூட்டும். பள்ளிக்கூட நாடக மேடையில் இரண்டு பக்கத் தட்டியும் ஒரு பின் திரையும் வைத்து முழுக் காட்டையே காட்டிவிடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

கோபுரம், மான், புறாத்தீவு, திமிங்கிலம் எல்லாம் வேண்டும் என்கிறாராம். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் கேட்காதவரை நல்லது. அவர் விற்பது எது? திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு. அப்படியானால் திமிங்கிலம் பெரிதாக, தூரத்தில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் வெட்டுக்கோடு ஒன்று, அதன் உச்சியில் கோயில் என்று தெரிகிற அளவுக்கு ஒரு சிறு மேடு. மான் பிரெடரிக் கோட்டைக்குள் நிம்மதியாக மேயட்டும்.

திமிங்கிலத்தை வரையும்போது வாலைக் கவனியுங்கள். மீனின் வால் செங்குத்து, திமிங்கிலத்தின் வால் கிடை. பக்கவாட்டில் பார்த்தால் அது மெல்லிய கோடாகத்தான் தெரியும். வால் விரிந்து தெரிய வேண்டுமானால் அது கடலுக்குள் இறங்கும் நொடியைப் பின்னாலிருந்து வரையுங்கள், தண்ணீருக்கு மேலே வால் மட்டும். கட்டவுட்டுக்கு அதைவிட நல்ல உருவம் இல்லை, முன் அலை மீதியை மறைத்துவிடும். நம் கடலில் நீலத் திமிங்கிலமும் வருகிறது, சதுரத் தலையுள்ள ஸ்பேர்ம் திமிங்கிலமும் வருகிறது. இரண்டாவதன் மூச்சுத் தாரை நேர் மேலே எழாது, முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். வருடக்கணக்காகக் கடலில் கிடக்கிற படகுக்காரர் இதையெல்லாம் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். மீன் வால் வைத்த திமிங்கிலத்தைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு அவர் எப்படிக் கடை நடத்துவது?

நிறத்தில் புதியவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு தவறு, ஆழம் காட்டப் பின்பலகைக்குக் கருநீலம் அடிப்பது. பின்னால் எப்படியும் நிழல் விழுந்து இருட்டும். அதற்கு மேல் கருநீலமும் சேர்ந்தால் ரோட்டிலிருந்து பார்க்கும்போது சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். பின்பலகைக்கு வெளிர் நிறம், விடியற்காலை வானம் மாதிரி. முன்னே வர வர நிறத்தைக் கூட்டுங்கள். பி.வி.சி.யின் முன் அடுக்குகளுக்கு முழுக் கறுப்பு வேண்டாம். வெயிலில் கறுப்பு நிறம் சூட்டை வாங்கினால் அந்தப் பலகை இளகி வளைந்துவிடும். வெட்டிய ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து முகத்தை விட ஒரு படி மங்கலான நிறம் அடியுங்கள். வெள்ளை ஓரம் அப்படியே தெரிந்தால் படம் நோட்டீஸ் மட்டையில் வெட்டிய மாதிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு அடுக்கும் முன் அடுக்குக்குப் பின்னால் எவ்வளவு தூரம் ஒளிந்து போக வேண்டும்? உங்கள் போர்டை நேரே நின்று பார்ப்பவர் குறைவு. ஓட்டோவில் போகிறவர் சரிவாகத்தான் பார்ப்பார். 45 பாகையில் பார்த்தால் 20 மில்லிமீட்டர் இடைவெளி 20 மில்லிமீட்டர் பக்கவாட்டு நகர்வைக் காட்டும். திமிங்கிலத்தின் அடிப்பகுதியை அலைக்குப் பின்னால் பத்து மில்லிமீட்டரில் முடித்தால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வயிறு வெட்டுப்பட்டது தெரியும். இடைவெளியைப் போல இரண்டு மடங்கு உள்ளே போகட்டும்.

எழுத்துக்கு வருவோம். தமிழ்க் கட்டவுட்டில் முதலில் விழுவது புள்ளி. திமிங்கிலம் என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு புள்ளி. தனியாக நிற்கும் சின்னத் துண்டு, ஒட்டுவதற்குப் பரப்பு இல்லை. ஒரு மழைக்காலம் போனால் உப்புவெளி, 'உபபுவெளி' ஆகிவிடும். புள்ளியை வழக்கத்தை விடப் பெரிதாக வைத்து, பின்னால் ஆணியோ ஸ்க்ரூவோ கொடுத்து இறுக்குங்கள், வெறும் பசையை நம்ப வேண்டாம். அல்லது முழுச் சொல்லையும் சுற்றி ஒரு விளிம்பு விட்டு ஒரே துண்டாகப் பின் அடுக்கு வெட்டி அதன் மேல் எழுத்தை ஒட்டுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், எழுத்துக்குத் தன் நிழலுக்கென்று ஒரு பாய் கிடைத்த மாதிரி இருக்கும். கோட்டின் தடிப்பு பலகையின் தடிப்பை விடக் குறையக் கூடாது. ண, ணை போன்றவற்றின் சுழிகள் மெல்லிய ஃபொன்டில் பட்டென்று முறியும். உயரம்: பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது ஆங்கில எழுத்துக்குச் சொல்கிற கணக்கு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் நான் ஒன்றரை வைக்கிறேன். பாமினி என்கிற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்த சொல்லை யூனிகோடுக்கு மாற்றும்போதும், டிசைன் மென்பொருளில் ஒட்டும்போதும் கொம்பும் காலும் இடம் மாறிப் போவதுண்டு. சிங்கள வரியைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ரவுட்டருக்கு அனுப்பாதீர்கள்.

மாட்டுவது. எட்டடிக்கு நாலடி பி.வி.சி. ஃபோம் ஷீட் 5 மில்லிமீட்டர் தடிப்பில் ஏறக்குறைய 8 கிலோ, 10 மில்லிமீட்டர் என்றால் 16. உங்கள் நாலு அடுக்கும் எழுத்தும் ஒரு அங்குல பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) சட்டமும் சேர்ந்தால் முப்பது கிலோவுக்கு மேல் வரும். அது ஏணியில் ஒற்றை ஆள் தூக்கும் வேலை இல்லை. பின்பலகை 10 மில்லிமீட்டர், சட்டத்தோடு. இடைவெளிக்கு நான் பாவிப்பது அரை அங்குல பி.வி.சி. பைப். வேண்டிய நீளத்துக்கு வளையம் வளையமாக அறுத்து, நடுவால் நீள ஸ்க்ரூவை ஓட்டி இறுக்கிவிடுவேன். மலிவு, துருப்பிடிக்காது, வெளியேயும் தெரியாது. ஸ்க்ரூ கட்டாயம் ஸ்டெயின்லெஸ், கிடைத்தால் 316 ரகம். 304 கடற்காற்றில் தேத்தண்ணீர்க் கறை மாதிரி பழுப்பு கட்டும். நாகம் (சிங்க்) பூசிய சாதாரண ஸ்க்ரூ போட்டால் வெள்ளை அலையில் செம்மண் கோடு வழியும். பி.வி.சி. வெயிலுக்கு நீளும், ஆறடிப் பலகை 30 பாகை சூட்டு வித்தியாசத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு. அதனால் நடு ஓட்டையை மட்டும் இறுக்கமாக வைத்து மற்ற ஓட்டைகளை ஸ்க்ரூவை விடப் பெரிதாகத் துளையுங்கள். சிலிக்கன் வாங்கும்போது மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது உலோகத்தை அரிக்கும் வகை, மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேளுங்கள். அடுக்குகளின் கீழ்ப்பக்கத்தை அடைக்காதீர்கள், தண்ணீர் இறங்கட்டும். ஆம், குளவி வரும். 20 மில்லிமீட்டர் இடைவெளி குளவிக்கு வாடகை இல்லாத வீடு.

விலையைச் சதுர அடியில் சொல்லாதீர்கள். ஆறுக்கு நாலு என்றால் 24 சதுர அடி, பதாகை அடிப்பவரும் அதே 24ஐத்தான் சொல்வார். வாடிக்கையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். உங்கள் வேலை வெட்டுக்கோட்டின் நீளத்தில் இருக்கிறது. டிசைன் மென்பொருள் அந்த நீளத்தைக் காட்டும். வெட்டுகிற ஒவ்வொரு மீட்டரையும் தேய்த்து இரண்டு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு உங்கள் கை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு துண்டில் மணி பார்த்துக் கணக்கிடுங்கள். அதோடு ஷீட், ரவுட்டர் கூலி, சட்டம், வாகனம், மாட்ட வரும் இருவரின் நாட்கூலி, பிழையாகிப் போகும் ஒரு துண்டு. கடைசியில் வருகிற தொகை கூடிப்போச்சு என்று உங்களுக்கே தோன்றும். குறைக்காதீர்கள், வேண்டுமானால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். சாமானுக்கான முழுப் பணமும் முற்பணமாக வர வேண்டும். டிசைனை வட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் ரவுட்டர். உள்ளூராட்சிச் சபையில் விளம்பரப் பலகைக்கு அனுமதியும் கட்டணமும் அவர் பொறுப்பு என்று அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் அவரிடம் ஒன்று கேளுங்கள்: வாடை மாதங்களில் படகு ஓடாதபோது அலுவலகத்தைப் பூட்டுவாரா? பூட்டுவார் என்றால் முன் மூன்று அடுக்குகளையும் வெளியிலிருந்தே கழற்றக்கூடிய போல்ட்டில் மாட்டுங்கள். ஒக்டோபரில் கழற்றி உள்ளே வைத்து, சித்திரைக்கு முதல் குளவிக்கூட்டைச் சுரண்டி, உப்பைக் கழுவி, ஓரத்துக்கு ஒரு பூச்சு கொடுத்து மறுபடி மாட்டலாம். அதற்கு வருடா வருடம் ஒரு தொகை என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.